ஹீட்டர் ராடு, சூடாகும் பிளக்: வோல்ட்டும் ஆம்பியரும் சொல்லும் கணக்கு

வாளித் தண்ணீரில் போடும் ஹீட்டர் ராடில் 230 வோல்ட், 1500 வாட் என்று அச்சிட்டிருக்கும். மீதி எல்லாம் இந்த இரண்டு எண்ணிலிருந்தே வந்துவிடும். வாட்டை வோல்ட்டால் வகுத்தால் கரண்ட்: 1500 ÷ 230 = 6.52 ஆம்பியர். வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் மின்தடை: 230 ÷ 6.52 = 35.3 ஓம். இந்த ராடை கன்வர்ட்டர் பிளக் மாட்டி 6 ஆம்பியர் சாக்கெட்டில் செருகக் கூடாது என்பதற்கு அந்த 6.52 போதும். அரை ஆம்பியர்தானே கூடுதல் என்று விடாதீர்கள், அது அரை மணி நேரம் நிற்காமல் ஓடும் கரண்ட்.

லோ வோல்டேஜில் தண்ணீர் சூடாக ஏன் இவ்வளவு நேரம் ஆகிறது? ராடுக்குள் சூடாகும் கம்பியான காயிலின் தடை ஏறக்குறைய அதே 35.3 ஓம்தான். வோல்டேஜ் 180-க்கு இறங்கினால் கரண்டும் 5.1 ஆம்பியருக்கு இறங்கும். 180 × 5.1 = 918 வாட். வோல்டேஜ் குறைந்தது 22 சதவீதம், பவர் குறைந்தது 39 சதவீதம். வோல்ட்டை வோல்ட்டால் பெருக்கித் தடையால் வகுப்பதும் இதே கணக்குதான், அதனால்தான் சரிவு இவ்வளவு பெரிதாகத் தெரிகிறது. 15 லிட்டர் தண்ணீரை 27 டிகிரியிலிருந்து 45-க்கு ஏற்ற 4186 × 15 × 18, சுமார் 11.3 லட்சம் ஜூல் வேண்டும். 1500 வாட்டில் 12.5 நிமிடம், 918 வாட்டில் 20.5 நிமிடம். யூனிட் இரண்டிலும் 0.31 தான், நேரம் நீளும்போது காற்றில் போகும் சூடு மட்டும் கொஞ்சம் கூடும். லோ வோல்டேஜில் கரண்ட் அதிகம் இழுக்கும் என்பது ஓடும் மோட்டாருக்குச் சரி, காயிலுக்குச் சரியல்ல.

இனி அளப்பது. வயரைக் கவ்விக் கரண்டை அளக்கும் க்ளாம்ப் மீட்டரால் ராடின் வயரை அப்படியே கவ்வினால் பூஜ்யம்தான் காட்டும். போகும் கரண்டும் திரும்பும் கரண்டும் ஒன்றையொன்று அடித்துவிடும். கரண்ட் வரும் பேஸ் வயர் ஒன்றை மட்டும் கவ்வ வேண்டும். அதற்கு வசதியான இடம் மெயின் போர்டில் எம்சிபியிலிருந்து (கரண்ட் கூடினால் தானே டிரிப் ஆகி அணையும் சுவிட்ச்) வெளியே வரும் வயர். அந்த எம்சிபியில் வரும் மற்ற லோடையெல்லாம் அணைத்துவிடுங்கள். மூடியைத் திறக்கப் பழக்கமில்லாதவர்கள் எலக்ட்ரீஷியனை வைத்தே செய்யுங்கள். மல்டிமீட்டரின் சிவப்பு புரோபை 10 ஆம்பியர் துளையில் வைத்துக்கொண்டு சாக்கெட்டில் வோல்டேஜ் பார்க்கவே பார்க்காதீர்கள். அது நேரடி ஷார்ட்.

க்ளாம்ப் மீட்டர் இல்லையா? எலக்ட்ரானிக் ஈபி மீட்டரில் ஒரு யூனிட்டுக்கு எத்தனை பல்ஸ், அதாவது விளக்கு எத்தனை முறை மினுக்கும் என்று அச்சிட்டிருக்கும். 3200 என்று வைத்துக்கொள்வோம். வீட்டில் மற்ற எல்லாவற்றையும் அணைத்து, ராடு மட்டும் ஓடும்போது மினுக்கும் சிவப்பு விளக்கை ஒரு நிமிடம் எண்ணுங்கள். 80 வந்தால் 80 × 60 ÷ 3200 = 1.5 கிலோவாட்.

பிளக் உருகும் கதை இங்கேதான் பிடிபடும். ராடு ஓடும்போதே இரண்டு இடத்தில் வோல்டேஜ் பாருங்கள்: மெயின் போர்டில் ஒன்று, ராடு செருகிய போர்டில் பக்கத்து சாக்கெட்டில் ஒன்று. முதலாவது 231, இரண்டாவது 224, கரண்ட் 6.35 ஆம்பியர் என்று வைத்துக்கொள்வோம். 224 ÷ 6.35 = 35.3 ஓம், ராடில் குறையில்லை. ஆனால் வழியில் 7 வோல்ட் காணாமல் போயிருக்கிறது. 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் 1000 மீட்டருக்குச் சுமார் 12.1 ஓம். 15 மீட்டர் தூரம் என்றால் பேஸும் நியூட்ரலும் சேர்ந்து 30 மீட்டர், 0.36 ஓம், அதில் போவது 2.3 வோல்ட். மீதி 4.7 வோல்ட் எங்கோ ஒரு லூஸ் இணைப்பில் விழுகிறது. 4.7 × 6.35 = 30 வாட். ஒரு சின்ன சால்டரிங் அயர்ன் அளவு சூடு, அதுவும் சுவிட்ச் போர்டுக்குள் ஒரு ஸ்க்ரூ முனையில். எம்சிபி இதற்கு டிரிப் ஆகாது, ஏனென்றால் கரண்ட் கூடவே இல்லை.

பிளக் பின்னுக்கும் சாக்கெட்டுக்கும் நடுவிலுள்ள தடை இந்த 7 வோல்ட்டில் சேராது. அது ராடின் தடையோடு சேர்ந்துதான் வரும். 35.3-க்குப் பதில் 36 ஓம் வந்தால் அது லூஸ் பின்னா, ராடின் தயாரிப்பு வித்தியாசமா என்று எண்ணை வைத்துச் சொல்ல முடியாது. பத்து நிமிடம் ஓடவிட்டு, சுவிட்சை அணைத்து, பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். ஒரு பின் மட்டும் சுட்டாலோ நிறம் மாறியிருந்தாலோ அந்தப் பக்கம்தான் கோளாறு. சாக்கெட்டை மாற்றுங்கள். உள்ளே பிடி தளர்ந்துவிட்ட சாக்கெட்டை ஸ்க்ரூ இறுக்கிச் சரிசெய்ய முடியாது.

பிளக்கைக் கழற்றி மல்டிமீட்டரில் ஓம் பார்த்தால் ராடுக்கு ஏறத்தாழ சரியான எண் கிடைக்கும். காயில் செய்யும் உலோகமான நிக்ரோம் சூடானால் தடை சில சதவீதமே ஏறும். புரோப் இரண்டையும் ஒட்டவைத்தால் காட்டும் 0.2, 0.3 ஓமைக் கழித்துக்கொள்ளுங்கள். குண்டு பல்புக்கு இது உதவாது. 100 வாட் பல்பு எரியும்போது 529 ஓம், அணைந்து ஆறியபின் 40 ஓம் பக்கம்தான். மோட்டாரின் வாட்டுக்கோ வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் மட்டும் போதாது, பவர் ஃபேக்டராலும் (அந்தப் பெருக்கலில் எவ்வளவு பங்கு உண்மையான வாட் என்று சொல்லும் எண்) பெருக்க வேண்டும். 230 வோல்ட், 6.5 ஆம்பியர், 0.75 என்றால் 1121 வாட், 1495 அல்ல.