கோரிக்கை சட்டமாகும் வழி: அமெரிக்க யூத அமைப்புகளின் கோடைக்கால ஃபெல்லோஷிப்கள்

வாஷிங்டனின் மாசசூசெட்ஸ் அவென்யூவில், யூத மதத்தின் சீர்திருத்தப் பிரிவைச் சேர்ந்த சமூக நீதி மையம் ஒன்று அறுபதாண்டுகளுக்கும் மேலாக இயங்கி வருகிறது. கறுப்பின மக்களின் உரிமை அமைப்பான என்.ஏ.ஏ.சி.பி.யின் தலைவராகப் பின்னாளில் விளங்கிய கிவி கப்லான் என்ற யூதத் தொழிலதிபரின் கொடையால் அமைந்த அக்கட்டடத்தின் கூட்ட அறையில்தான், 1964 ஆம் ஆண்டின் குடிமை உரிமைச் சட்டமும் 1965 ஆம் ஆண்டின் வாக்குரிமைச் சட்டமும் ஓரளவுக்கு வரைவு பெற்றன. இளங்கலை மாணவர்களுக்காக இந்த மையம் ‘மகோன் கப்லான்’ என்ற கோடைத் திட்டத்தைப் பல ஆண்டுகள் நடத்தியது. அதில் சேர்ந்தவர்கள் தலைநகரின் கொள்கை அமைப்புகளில் வேலை பார்த்தபடியே, யூத மரபையும் சமூகக் கொள்கையையும் சேர்த்துப் பேசும் ஒரு பாடத்தையும் படித்தார்கள்.

ஃபெல்லோஷிப் எனப்படும் இத்தகைய குறுகிய காலப் பயிற்சித் திட்டங்களின் அறிவிப்புகளைத் தொடர்ந்து வாசிப்பது எனக்கு நெடுநாள் வழக்கம். அவற்றில் தலைமைப் பண்பு, தொடர்புகள் என்றெல்லாம் பெரிதாகப் பேசப்படும். என் கணிப்பில் அவற்றின் உண்மையான பயன் வேறு: ஒரு சமூகத்தின் மனக்குறை எந்தெந்த மேசைகளைக் கடந்து சட்டமாகிறது என்பதை இருபது வயதிலேயே அருகிலிருந்து பார்க்க முடிகிறது.

யூதர்களின் அனுபவத்திலேயே இதற்கு நல்ல சான்று உண்டு. சோவியத் ஒன்றியத்தில் யூதர்கள் ஒடுக்கப்படுவதையும் வெளியேற முடியாமல் தவிப்பதையும் எதிர்த்து, 1964 மே முதல் நாளன்று நியூயார்க்கில் சோவியத் தூதுக்குழு அலுவலகத்தின் முன் ஏறத்தாழ ஆயிரம் பேர் கூடினார்கள். பெரும்பாலோர் கல்லூரி மாணவர்கள். அந்தக் குரல் 1974 ஆம் ஆண்டின் வர்த்தகச் சட்டத்தில் ஜாக்சன்–வானிக் திருத்தமாக இடம்பெற்றது. குடிமக்கள் வெளியேறும் உரிமையை மறுக்கும் கம்யூனிச நாடுகளுக்கு வழக்கமான வர்த்தகச் சலுகை கிடையாது என்பதே அதன் சாரம். மனித உரிமைக் கோரிக்கை ஒன்றைச் சுங்க வரியோடு பிணைக்கலாம் என்று தோன்றுவதற்குத் தெருவில் நின்று முழங்கினால் மட்டும் போதாது. சட்டம் தெரிந்தவர்களும், செனட்டர்களின் உதவியாளர்களோடு பேசத் தெரிந்தவர்களும், எதிர்ப்பவர் யார், ஏன் எதிர்க்கிறார் என்று முன்கூட்டியே எழுதி வைப்பவர்களும் தேவைப்பட்டார்கள். இந்த இரண்டாவது வகை வேலையைத்தான் ஃபெல்லோஷிப்கள் கற்றுக்கொடுக்கின்றன. பெரும்பாலும் அது குறிப்பு எழுதுவதும், சந்திப்புக்கு முன் ஆவணங்களைத் திரட்டுவதும், சந்திப்பு முடிந்தபின் நன்றிக் கடிதம் அனுப்புவதுமாக இருக்கும். சலிப்பூட்டும் வேலைதான்.

அமெரிக்க யூதக் குழு எனப்படும் ஏ.ஜே.சி., ரஷ்யாவில் யூதர்கள் மீது நடந்த படுகொலைகளின் எதிரொலியாக 1906 இல் தொடங்கப்பட்டது. செல்வாக்குள்ள சிலர் அரசுகளிடம் அமைதியாக எடுத்துரைப்பது அதன் தொடக்ககால நடை. இன்றும் வெளிநாட்டுத் தூதர்களோடு பேசுவது அதன் முக்கியப் பணியாக இருப்பதால், அது வழங்கும் கோல்ட்மன் கோடைக்கால ஃபெல்லோஷிப் வெளியுறவில் நாட்டமுள்ள மாணவருக்கு ஏற்றது. உள்நாட்டுச் சமூக நீதியில் ஆர்வமுள்ளவருக்கு மாசசூசெட்ஸ் அவென்யூ மையத்தின் பாதை பொருந்தும்.

தேர்வு செய்யும்போது அமைப்பின் நிலைப்பாட்டைக் கட்டாயம் பார்க்க வேண்டும். ‘யூத அமைப்பு’ என்ற ஒரே பெயரின் கீழ் எல்லாரும் ஒரே கருத்துடையவர்கள் என்று வெளியிலிருந்து எண்ணிவிடுகிறோம். இஸ்ரேல் தொடர்பாக, அந்நாட்டு அரசை உறுதியாக ஆதரிக்கும் ஐபேக் அமைப்பு சொல்வதும், அதை விமர்சிக்கவும் தயங்காத ஜே ஸ்ட்ரீட் அமைப்பு சொல்வதும் பல கட்டங்களில் நேர் எதிரானவை. ஹமாஸ் தாக்குதலும் காசா போரும் தொடங்கிய 2023 அக்டோபருக்குப் பிறகு, எந்த அமைப்பில் பணியாற்றினார் என்ற ஒரு வரியே ஒரு மாணவரைப் பற்றிப் பல்கலைக்கழக வளாகத்தில் ஒரு கருத்தை உருவாக்கிவிடுகிறது. அந்த விலையைக் கொடுக்கலாமா என்பது அவரவர் முடிவு. விலை இருக்கிறது என்பது விண்ணப்பிக்கும் முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

உதவித்தொகையும் சிறிய விஷயமல்ல. வாஷிங்டனில் கோடை வாடகையைக் கொடுத்துச் சம்பளமின்றி வேலை செய்ய வசதியான வீட்டுப் பிள்ளைகளால்தான் முடியும். அமெரிக்க நாடாளுமன்றமே 2019 நிதியாண்டில்தான் இன்டர்ன்கள் எனப்படும் பயிற்சிப் பணியாளர்களுக்கு ஊதியம் தர, பிரதிநிதிகள் சபை உறுப்பினர் அலுவலகம் ஒவ்வொன்றுக்கும் 20,000 டாலர் ஒதுக்கியது. ஆகவே பணம் தரும் ஃபெல்லோஷிப்பை முதலில் தேடுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. (இந்திய வம்சாவளி மாணவர்களுக்கும் இத்தகைய கதவு ஒன்று திறந்தது, ‘இந்தியா அப்ராட்’ இதழின் நிறுவனர் கோபால் ராஜு தொடங்கிய அமைப்பு அவர்களைக் கோடையில் நாடாளுமன்ற அலுவலகங்களில் அமர்த்தியது.)

நேர்காணலில் உங்கள் முறை வரும்போது, கடந்த கோடையில் வந்த மாணவர்கள் எழுதிய குறிப்புகளில் எது உண்மையில் பயன்படுத்தப்பட்டது என்று கேளுங்கள். பதில் தயங்காமல் வந்தால் அங்கே வேலை இருக்கிறது. கூட்டங்களின் பட்டியல் மட்டும் வந்தால், அடுத்த விண்ணப்பத்தையும் தயாராக வைத்திருங்கள்.