வெங்காயம் கருகுவதற்குள் திறக்க வேண்டிய பக்கம்

போன வருஷம் ஆடி மாதம் அருப்புக்கோட்டையிலிருந்து அத்தை கூப்பிட்டார்.

“ஏய்யா, கருவாட்டுக் குழம்புக்குப் புளி எம்புட்டுன்னு பாக்கத்தான் ஒன் பக்கத்தத் தொறந்தேன். வட்டம் சுத்திக்கிட்டே கெடக்கு. இங்க வெங்காயம் கருகிருச்சு.”

பேசிக்கொண்டே என் மடிக்கணினியில் திறந்து பார்த்தேன். படக்கென்று வந்தது. “எனக்கு வருதே அத்தை, உங்க நெட்டுதான் சரியில்லை” என்று சொல்லி முடித்துவிட்டேன். வீட்டில் இருப்பது ஃபைபர் இணைப்பு. தினமும் பத்துத் தடவை திறக்கிற தளம் என்பதால் பாதிக்கு மேல் உலாவியின் தற்காலிகச் சேமிப்பிலிருந்தே (கேச் என்பார்கள்) வந்துவிடும். அது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

ஆவணியில் ஒரு விசேஷத்துக்குப் போனபோது அத்தையின் போனைக் கையில் வாங்கிப் பார்த்தேன். 2 ஜிபி ரேம், ஒற்றைக் கோடு சிக்னல். பக்கத்தைத் தொட்டுவிட்டு மனசுக்குள் எண்ணினேன். ஆறு வரை வெறும் வெள்ளை. எட்டில் தலைப்பு. பதினாலில் மேலே இருக்கும் பெரிய படம், அதுவும் பாதி. பொருள்கள் பட்டியல் தெரிந்ததும் அத்தை விரலைக் கொண்டுபோனார். அந்த நேரம் பார்த்து நடுவில் ஒரு விளம்பரம் வந்து உட்கார, பட்டியல் கீழே சரிந்தது. விரல் விளம்பரத்தில் பட்டு வேறெங்கோ போய்விட்டது. “பாத்தியா?” என்றார். பார்த்தேன்.

அம்மா சொல்லச் சொல்ல நான் தட்டச்சு செய்து ஏற்றுகிற சமையல் குறிப்புத் தளம் அது. 2014இல் வேர்ட்பிரஸ் என்ற தளம் கட்டும் மென்பொருளில் தொடங்கியது; இருநூற்றுச் சொச்சம் குறிப்புகள். விளம்பரத்தில் வருகிற பணம் சர்வர் வாடகைக்குச் சரியாகப் போகும். வேலைக்குப் போகிற இடத்தில் நான் பார்ப்பது கணக்கு மென்பொருள். இணையதள வேகமெல்லாம் தட்டுத்தடுமாறிக் கற்றதுதான்.

முதலில் கூகுளின் பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸ் என்ற வேகச் சோதனைக் கருவியில் முகவரியைக் கொடுத்தேன். மொபைலுக்கு நூற்றுக்கு 23. பள்ளிக்கூடத்தில்கூட நான் இவ்வளவு குறைவாக வாங்கியதில்லை. கூடவே மூன்றெழுத்துச் சுருக்கங்கள். எல்சிபி என்பது திரையில் தெரியும் பெரிய படமோ பத்தியோ வந்து சேர எடுக்கும் நேரம், 2.5 நொடிக்குள் இருக்க வேண்டும், எனக்கு 11.2. சிஎல்எஸ் என்பது பக்கம் எவ்வளவு துள்ளுகிறது என்ற கணக்கு; 0.1க்குள் இருக்க வேண்டும், எனக்கு 0.38. அத்தையின் விரலைத் திசைமாற்றியது இதுதான். ஐஎன்பி என்பது தொட்டபின் பக்கம் அசைந்து கொடுக்க எடுக்கும் நேரம், 200 மில்லிசெகண்டுக்குள். இது 2024 மார்ச்சில்தான் பழைய எஃப்ஐடி அளவுக்குப் பதிலாக வந்தது.

அந்த 23 மதிப்பெண் ஒரு சோதனைக்கூடத்து எண். சுமாரான போனையும் மந்தமான 4ஜியையும் பாவனை செய்து ஒரே ஒரு முறை ஓட்டிப் பார்த்துச் சொல்வது. அதற்கு மேலே இருப்பதுதான் நிஜமான ஆட்களின் கணக்கு: குரோம் பயனர்களிடமிருந்து கடந்த 28 நாள் திரட்டியது. அதில் காட்டுவது 75ஆம் சதமானம். நாலு வருகையில் மூன்று நன்றாக அமைந்தால் பச்சை விழுந்துவிடும். என் அத்தை அந்த நாலாவது ஆள்.

இது தெரிந்தும் முதல் வாரம் மதிப்பெண்ணைத் துரத்துவதிலேயே போனது. கேச் செருகுநிரல் (வேர்ட்பிரஸில் மாட்டுகிற துணை நிரல்) ஒன்று போதாதென்று இரண்டு, கூடவே கோப்புகளையெல்லாம் ஒன்றாக்கிச் சுருக்குகிற இன்னொன்று. 23 என்பது 41 ஆனது. சந்தோஷமாக அம்மாவிடம் காட்டினால், “மெனு திறக்கவே மாட்டேங்குதே” என்றார். சுருக்குகிற செருகுநிரல் ஜாவாஸ்கிரிப்ட் கோப்புகளின் வரிசையை மாற்றிப் போட்டிருந்தது. மூன்றையும் கழற்றினேன்.

பிறகுதான் முதலிலேயே செய்திருக்க வேண்டியதைச் செய்தேன். குரோமில் மறைநிலைச் சாளரம், டெவலப்பர் கருவிகள், நெட்வொர்க் தாவல், கேச் நிறுத்தம், வேகம் ‘ஸ்லோ 4ஜி’. கோப்புகள் ஒவ்வொன்றாக வருவது படிக்கட்டு மாதிரி கீழே இறங்கும். கருவாட்டுக் குழம்புப் பக்கத்துக்கு மட்டும் 118 கோரிக்கைகள், 9.6 எம்பி. கைக்கடிகாரத்தை ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டு அந்தப் படிக்கட்டை முழுதாக இறங்கினேன். இதைவிட நல்ல பாடம் எங்கும் கிடைக்கவில்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். அத்தைக்கு வேண்டியிருந்தது “எலுமிச்சை அளவு புளி” என்ற மூன்று சொல். யுனிகோடின் யுடிஎஃப்-8 வடிவத்தில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட். ‘லு’ என்றால் ல ஒன்று, உகரக் குறி ஒன்று, ஆக 6 பைட். அப்படி எண்ணினால் இடைவெளிகளையும் சேர்த்து அந்த மூன்று சொல் 53 பைட். தமிழ் எழுத்து ஆங்கிலத்தைவிட மூன்று மடங்கு கனம் என்று குறைபடுபவர்கள் உண்டு. முழுக் குறிப்பும் 14 கேபிதான். சர்வர் சுருக்கி அனுப்பும்போது 4 கேபிக்குள் அடங்கிவிடுகிறது. கனமெல்லாம் நான் ஏற்றியது.

பெரிய குற்றவாளி தலைப்புப் படம். அம்மியில் மசாலா அரைக்கிற கை. 4000க்கு 3000 பிக்சல், 4.1 எம்பி, கேமராவிலிருந்து எடுத்து அப்படியே ஏற்றியது. அத்தை போனின் அகலத்துக்கு 720 பிக்சல் போதும். இறக்குவதோடும் அது முடியவில்லை: ஜேபெக் என்பது மடித்து வைத்த வேட்டி. திரையில் காட்ட விரித்தாக வேண்டும். ஒரு பிக்சலுக்கு 4 பைட் வீதம் முழு அளவில் விரித்தால் 48 எம்பி. 2 ஜிபி ரேம் போனில், வாட்ஸ்அப்பும் பின்னால் ஓடிக்கொண்டிருக்கையில்! அதை 720 பிக்சலுக்குக் குறைத்து வெப்பி வடிவத்தில் சேமித்தேன். 58 கேபி. என் கண்ணுக்கு வித்தியாசம் தெரியவில்லை.

படம் இளைத்தும் எல்சிபி நினைத்த அளவு இறங்கவில்லை. படிக்கட்டை மறுபடி பார்த்தால், தலைப்புப் படத்தின் கோடு ரொம்பக் கீழே ஆரம்பிக்கிறது. காரணம் தளத்தின் தோற்றத்துக்குப் போட்டிருந்த தீம். படத்தை சிஎஸ்எஸ்ஸில், அதாவது பக்கத்தின் தோற்றத்தைச் சொல்கிற கோப்பில், பின்னணியாக வைத்திருந்தது. பக்கத்தின் எலும்புக்கூடான எச்டிஎம்எல் வந்துகொண்டிருக்கும்போதே உலாவிக்குள் ஒரு வேவுக்காரன் முன்னால் ஓடி, என்னென்ன கோப்பு வேண்டியிருக்கும் என்று பார்த்து இறக்கத் தொடங்கிவிடுவான். பிரிலோட் ஸ்கேனர் என்பார்கள். அவன் படிப்பது எச்டிஎம்எல்லை மட்டும். சிஎஸ்எஸ் கோப்புக்குள் ஒளிந்திருக்கும் படம் அவன் கண்ணில் படாது. சிஎஸ்எஸ் முழுக்க வந்து, எந்த விதி எங்கே பொருந்தும் என்று கணக்குப் போட்ட பிறகுதான் படத்தைக் கேட்கவே ஆரம்பிக்கும். படத்தை சாதாரண இமேஜ் டேகுக்கு மாற்றினேன்.

மாற்றியதும் இன்னும் மெதுவானது! எல்சிபி 5.8 நொடி இருந்தது 6.9. ஒரு ராத்திரி முழுக்க மண்டையைப் பிய்த்துக்கொண்டேன். விஷயம் என்னவென்றால், நான் முன்பே போட்டிருந்த ஒரு செருகுநிரல் எல்லாப் படத்துக்கும் லேசி லோடிங் மாட்டிக்கொண்டிருந்தது. திரைக்குப் பக்கத்தில் வரும்போது இறக்கினால் போதும் என்று உலாவியிடம் சொல்வது அது. கீழே இருக்கும் படங்களுக்கு அருமையான ஏற்பாடு. திரையின் உச்சியிலேயே இருக்கும் படத்துக்கு அதைப் போட்டால், பக்கத்தின் அமைப்பைக் கணக்கிட்டு முடித்து ‘ஓ, இது திரையில்தான் இருக்கிறதா’ என்று தெரிந்துகொண்ட பிறகே உலாவி கை நீட்டும். வேர்ட்பிரஸே இந்தப் பாடத்தைக் கற்ற வரலாறு உண்டு. 2020இல் 5.5 பதிப்பில் படங்களுக்கெல்லாம் லேசி லோடிங் கொடுத்தார்கள். 2022 ஜனவரியில் 5.9 வந்தபோது முதல் படத்துக்கு விலக்கு அளித்தார்கள், 2023இல் 6.3 பதிப்பு அதற்கு முன்னுரிமைக் குறியும் சேர்த்தது. என் செருகுநிரல் 2019 காலத்துப் புத்தியோடு நின்றுவிட்டிருந்தது. அதைத் தூக்கி, முதல் படத்துக்கு ஃபெட்ச்பிரயாரிட்டி ‘ஹை’ என்று கொடுத்ததும் 3.6 காட்டியது.

துள்ளலைச் சரிசெய்வது சுலபம். எல்லாப் படத்துக்கும் அகலம், உயரம் எழுதினால் உலாவி இடம் ஒதுக்கி வைத்துக்கொள்ளும். விளம்பரம் வருமிடத்துக்குக் குறைந்தபட்ச உயரம் கொடுத்தேன். விளம்பரம் வராத நாளில் அங்கே ஒரு வெள்ளைக் கட்டம் இளிக்கும். இளிக்கட்டும்.

எழுத்துரு விஷயத்தில்தான் மானம் போனது. தலைப்புக்கும் உடலுக்கும் சேர்த்து ஒரு தமிழ் எழுத்துருவை நான்கு தடிமன்களில் ஏற்றியிருந்தேன். ஊரெல்லாம் பயன்படுத்துகிற எழுத்துருதானே, வேறு தளம் திறந்தபோதே போனுக்குள் வந்திருக்கும் என்றொரு நம்பிக்கை. அந்தக் காலம் போய்விட்டது. 2020இல் குரோம் 86 வந்ததிலிருந்து ஒவ்வொரு தளத்துக்கும் கேச் தனித்தனி அறை. சஃபாரி அதற்கும் பல வருஷம் முன்பே அப்படித்தான், ஃபயர்ஃபாக்ஸ் 2021இல் மாறியது. வேவு பார்ப்பதைத் தடுக்கச் செய்தது. ஒரு தளம் இறக்கிய எழுத்துரு அடுத்த தளத்துக்கு உதவாது.

சரி, எழுத்துருவையாவது இளைக்க வைக்கலாம் என்று ஃபான்ட்டூல்ஸ் என்ற பைத்தான் கருவியை எடுத்தேன். வேண்டாத எழுத்துகளை வெட்டியெறிய அதில் வழி உண்டு. ஆங்கில எழுத்துருவுக்காக யாரோ எழுதி வைத்திருந்த கட்டளையை அப்படியே ஓட்டினேன். கோப்பு சின்னதாகிவிட்டது. மார்தட்டிக்கொண்டு ஏற்றிவிட்டுத் தூங்கப் போனேன். காலையில் அம்மா, “குழம்புல கு எங்கடா?” என்றார். ககரம் தனியாக, உகரக் குறி பக்கத்தில் தனியாக நின்றது. மெய்யெழுத்துகளின் புள்ளி தலையிலிருந்து நழுவி வலப்பக்கம் தொங்கியது. எழுத்துகளை ஒட்டவைக்கிற, குறிகளை இடத்தில் நிறுத்துகிற விதிகள் எழுத்துருவுக்குள் தனி அட்டவணைகளாக இருக்கின்றன. அந்த அம்சங்கள் எதுவும் வேண்டாம் என்று அந்தக் கட்டளையில் ஒரு சொல் இருந்திருக்கிறது. ஆங்கிலத்துக்கு அது இல்லாமலும் காலம் ஓடும். நமக்கு ‘கு’வே கிடையாது.

கட்டளையைத் திருத்திச் சரியாகவே வெட்டிவிட்டேன். ஆனால் அதற்குள் ஒரு கேள்வி வந்துவிட்டது: இது எதற்கு? ஆண்ட்ராய்டில் நோட்டோ தமிழ் இருக்கிறது, விண்டோஸில் நிர்மலா, ஐபோனில் தமிழ் சங்கம். போனுக்குள் ஏற்கெனவே படிக்கத் தகுந்த தமிழ் இருக்கும்போது, சிக்னல் இல்லாத ஊருக்கு இன்னொரு தமிழை அனுப்பிக்கொண்டிருக்கிறேன். எழுத்துருவை மொத்தமாக எடுத்தேன். வடிவமைப்பாளர் நண்பர் ஒருவர் இன்னும் முகத்தைச் சுளிக்கிறார். பக்கம் வரும்போதே எழுத்து தெரிகிறது, அது போதும்.

மிச்சம் இருந்தவற்றில் வருகையாளர் எண்ணி, லைக் பெட்டி, பகிர்வுப் பொத்தான்கள், யாரும் பேசாத அரட்டைக் கட்டம் எல்லாம் குப்பைக்குப் போயின. ஒவ்வொன்றும் போனின் மூளையைப் பிடித்து இழுக்கிற ஜாவாஸ்கிரிப்ட். பகிர்வதற்கு ஒரு சாதாரண வாட்ஸ்அப் சுட்டி மட்டும் வைத்தேன். 118 கோரிக்கை 31 ஆனது.

கடைசித் தடை தூரம். சர்வர் அமெரிக்காவில். இங்கிருந்து போய்வர எனக்குக் காட்டியது 250 மில்லிசெகண்ட். முகவரி தேட ஒன்று, இணைப்பைத் தொடங்கும் டிசிபி கைகுலுக்கல் ஒன்று, அதைப் பாதுகாக்கும் டிஎல்எஸ் பழைய 1.2 பதிப்பு என்பதால் இரண்டு, பக்கத்தைக் கேட்க ஒன்று. முதல் பைட் வருவதற்குள்ளேயே ஒரு நொடி காலி. டிஎல்எஸ் 1.3இல் ஒரு பயணம் மிச்சம், அதை இயக்கினேன். அதோடு நம்மூர்ப் பக்கமே நகல் வைத்திருக்கும் சிடிஎன் ஒன்றின் இலவசத் திட்டத்தில் சேர்ந்தேன். இதற்குப் பத்து நிமிஷம் ஆனது. முதல் நாளே செய்திருக்கலாம்.

நிஜ ஆட்களின் கணக்கு மாற 28 நாள் காத்திருக்க வேண்டியிருந்தது. எல்சிபி 2.3, சிஎல்எஸ் 0.04. ஐஎன்பி மட்டும் 260இல் நிற்கிறது. விளம்பர ஸ்கிரிப்ட்தான் காரணம். அதை எடுத்தால் சர்வர் வாடகை என் சட்டைப்பையிலிருந்து போகும் என்பதால் தள்ளிப்போட்டிருக்கிறேன்.

ஐப்பசி மழையில் ஒருநாள் அத்தைக்குப் போன் பண்ணி, இப்போது திறந்து பாருங்கள் என்றேன். நாலு நொடி மௌனம்.

“வந்துருச்சு, வந்துருச்சு. ஆமா, மேல அம்மியில அரைக்கிற படம் எங்கய்யா போச்சு?”

உள் பக்கங்களில் அதை எடுத்துவிட்டிருந்தேன். குறிப்பு படிக்க வருகிறவருக்கு அது எதற்கு என்று.

“அது என் கைதானய்யா. பக்கத்து வீட்டுக்கெல்லாம் காட்டிருக்கேன்.”

பத்து வருஷமாக அது அம்மாவின் கை என்றே நினைத்திருந்தேன். அன்று ராத்திரியே படத்தை 31 கேபிக்கு இளைத்து, குறிப்பு முடிகிற இடத்துக்குக் கீழே வைத்தேன். அதற்கு லேசி லோடிங் போட்டிருக்கிறேன்.