கெடு முடிய ஒரு நாள் இருக்கும்போது

28 வருடமாக நான் பார்ப்பது விபத்து வழக்குகள். லாரி, பஸ், ஷேர் ஆட்டோ, மொபெட். எங்கள் கோர்ட்டில் எம்.சி.ஓ.பி., அதாவது மோட்டார் விபத்து நஷ்டஈட்டு மனு, போடும் வக்கீல் என்று கேட்டால் டீக்கடைக்காரரே என் மேஜையைக் காட்டிவிடுவார். சட்டம் படிக்கும் மகள் விடுமுறைக்கு வந்தபோது, விண்வெளிச் சட்டத்தை விருப்பப் பாடமாக எடுத்திருப்பதாகச் சொன்னாள். "அதில் என்னம்மா கேஸ் வரப்போகுது?" என்றேன். "நஷ்டஈட்டு ஒப்பந்தப்படி மனு போட்டது இதுவரைக்கும் ஒண்ணே ஒண்ணுதான்ப்பா. ஆனா அப்படியே உங்க கேஸ் மாதிரி" என்று ஒரு ஜெராக்ஸ் கட்டை என் முன்னால் வைத்தாள்.

அது காஸ்மோஸ் 954. கடலில் அமெரிக்கப் போர்க்கப்பல்களை ரேடாரால் வேவு பார்ப்பதற்காக சோவியத் யூனியன் 1977 செப்டம்பரில் ஏவிய செயற்கைக்கோள். ரேடாருக்கு நிறைய மின்சாரம் வேண்டும். அதற்காக உள்ளே ஒரு சின்ன அணு உலை. வேலை முடிந்ததும் உலையை இன்னும் உயரத்துக்குத் தள்ளிவிடுவது திட்டம். அது நடக்கவில்லை. 1978 ஜனவரி 24 அன்று கனடாவின் வடமேற்குப் பிரதேசப் பனிவெளியில் சிதறி விழுந்தது.

அந்தக் குளிர்காலத்தைக் கழிக்க தெலான் ஆற்றோரம் ஆறு இளைஞர்கள் தங்கியிருந்தார்கள். அவர்களில் இரண்டு பேர் நாய்வண்டியில் போகும்போது, ஆற்றுப் பனிக்கட்டியில் ஒரு குழியும் அதிலிருந்து மான்கொம்பு மாதிரி நீட்டிக்கொண்டிருந்த கருகிய உலோகமும் கண்ணில் பட்டன. ஒருவர் கையுறையோடு தொட்டும் பார்த்துவிட்டார். என் சாட்சிகளும் இப்படித்தான், தொடாமல் விடமாட்டார்கள். அது என்ன என்று முகாமுக்குத் திரும்பிய பிறகுதான் தெரிந்தது. விமானத்தில் கூட்டிப்போய்ப் பரிசோதித்தார்கள். நல்லவேளை, ஒன்றும் ஆகவில்லை. தேடியதில் பெரிய துண்டுகள் 12 கிடைத்தன. அவற்றில் 10-இல் கதிர்வீச்சு இருந்தது. கனடாவுக்குச் செலவு கிட்டத்தட்ட 1.4 கோடி கனடிய டாலர்.

சரி, வழக்குக்கு வருவோம். மகள் சொன்ன நஷ்டஈட்டு ஒப்பந்தம் 1972-ஆம் வருடத்தியது. அதன்படி, விண்வெளிப் பொருள் தரையில் விழுந்து சேதம் செய்தால், ஏவிய நாட்டின் மேல் தவறு இருக்கிறதா என்ற கேள்வியே கிடையாது. விழுந்தால் கொடு, அவ்வளவுதான். ஆனால் ஒரு வருடத்துக்குள் கேட்க வேண்டும். கனடா மனு கொடுத்த தேதி 1979 ஜனவரி 23. படித்ததும் சிரித்துவிட்டேன். கெடு முடிய ஒரு நாள் இருக்கும்போது ஓடிப்போய் ஃபைல் பண்ணுவது எங்கள் பார் அசோசியேஷனுக்கு மட்டுமே சொந்தமான கலை என்று நினைத்திருந்தேன்.

செலவு முழுவதையும் அவர்கள் கேட்கவில்லை. கேட்ட தொகை 60,41,174 டாலர் 70 சென்ட். மெடிக்கல் பில்லைப் பைசா விடாமல் கூட்டும் குமாஸ்தா அங்கேயும் ஒருவர் இருந்திருக்கிறார். 1981 ஏப்ரலில் மாஸ்கோவில் 30 லட்சம் டாலருக்குப் பேசி முடித்தார்கள். பொறுப்பை ஒப்புக்கொள்ளும் வார்த்தை அந்த உடன்படிக்கையில் கிடையாது. அசல் லோக் அதாலத்.

மேலேயே மோதிக்கொண்டால் கதை வேறு. அங்கே தவறை நிரூபித்தாக வேண்டும். 2009 பிப்ரவரி 10 அன்று, சைபீரியாவுக்கு மேலே சுமார் 790 கி.மீ. உயரத்தில், அமெரிக்காவின் இரிடியம் 33-ம் செயலிழந்து பல வருடமான ரஷ்யாவின் காஸ்மோஸ் 2251-ம் மோதின. ஆயிரக்கணக்கில் துண்டுகள். ஒப்பந்தத்தின் கீழ் நஷ்டஈடு கேட்டு யாரும் போகவில்லை. என்னிடம் வந்திருந்தால்? ஒன்றுக்கு ஸ்டியரிங் இருந்தது. மற்றது லைட் இல்லாமல் பைபாஸில் நின்ற லாரி. நம் தீர்ப்பாயத்தில் என்றால் இரண்டு பக்கமும் கவனக்குறைவு என்று ஏதோ ஒரு சதவீதத்தில் பிரித்துவிடலாம். அதற்கு எஃப்.ஐ.ஆர்., பார்வை மகஜர், ரஃப் ஸ்கெட்ச், எல்லாவற்றுக்கும் மேலாக மீறப்பட்ட ஒரு விதி வேண்டும். யார் ஒதுங்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தும் சாலை விதியே அங்கே கிடையாது.

ஆயுத விஷயம் இன்னும் மோசம். 1967-ஆம் வருட விண்வெளி ஒப்பந்தம் அணு ஆயுதத்தைச் சுற்றுப்பாதையில் வைக்கக் கூடாது என்கிறது. சொந்தச் செயற்கைக்கோளை ஏவுகணையால் அடித்து நொறுக்கக் கூடாது என்று எங்கேயும் நேராகச் சொல்லவில்லை. சீனா 2007-இல் அடித்தது, நாம் 2019-இல் அடித்தோம். 2021 நவம்பரில் ரஷ்யா அடித்தபோது, விண்வெளி நிலையத்தில் இருந்த ஏழு பேரும் தங்கள் விண்கலங்களுக்குள் போய்ப் பதுங்க வேண்டியிருந்தது. அதில் இரண்டு பேர் ரஷ்யர்கள்! இப்படிப்பட்ட சோதனை வேண்டாம் என்று 2022 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபையில் வந்த தீர்மானத்துக்கு 155 நாடுகள் ஆதரவு. அதுவும் யாரையும் கட்டுப்படுத்தாது. இந்தியா வாக்களிக்காமல் ஒதுங்கிக்கொண்டது. 2019-இல் நம் சோதனைக்காக பார் அசோசியேஷனில் ஸ்வீட் வாங்கிக் கொடுத்தவன் நான். இருந்தாலும் நாம் ஒதுங்கியது எனக்குப் பிடிக்கவில்லை. நம் சோதனை 300 கி.மீ.க்குக் கீழே நடந்தது, பெரும்பாலான துண்டுகள் சீக்கிரம் விழுந்துவிட்டன என்பது நல்ல வாதம்தான். அது தண்டனையைக் குறைக்கக் கேட்கும் வாதம், குற்றமே இல்லை என்று சொல்லும் வாதம் இல்லை.

"சின்னத் துண்டு ஒண்ணு வந்து இடிச்சா, அது யாரோடதுன்னு எப்படிப்பா கண்டுபிடிக்கிறது?" என்று கேட்டாள் மகள். பத்து சென்டிமீட்டருக்கும் சின்னதைப் பெரும்பாலும் கண்காணிக்கவே முடிவதில்லையாம். நம்பர் பிளேட் இல்லாத வண்டி. அடையாளம் தெரியாத வாகனம் மோதி ஆள் இறந்தால் நம் மோட்டார் வாகனச் சட்டத்தில் 2 லட்சம் ரூபாயாவது உண்டு, மேலே அதுவும் இல்லை என்றேன்.

"இதையே பரீட்சையில எழுதட்டுமா?"

"எழுது. செக்ஷன் 161-ன்னு நம்பரைச் சரியாப் போடு."