உளிக்கலப்பை ஓட்டிய மக்காச்சோளம்: முதல் மேலுரம் முடிந்த நிலையில்

என் மக்காச்சோள வயலில், அடிமண்ணை ஆழமாகக் கீறி உடைக்கும் உளிக்கலப்பை ஓட்டிய பாதியில் அடியிலைகூட இன்னும் கரும்பச்சை! மேல்மண்ணை மட்டும் பொடியாக்கும் ரொட்டவேட்டர் ஓட்டிய பாதியில், அதே விதை, அதே உரம் போட்டும், அடியிலைகளில் நுனியிலிருந்து நடுநரம்பு வழியாக ‘வி’ வடிவில் மஞ்சள் இறங்குகிறது. தழைச்சத்துப் பற்றாக்குறைதான். செடியைத் தோண்டினால் காரணம் தெரிகிறது: ஒரு சாணுக்குக் கீழே வேர் இறங்காமல் பக்கவாட்டில் மடங்கிக் கிடக்கிறது. தண்ணீரோடு கரைந்து இறங்கும் யூரியாவை எட்டிப் பிடிக்க அங்கே வேரே இல்லை. உடுமலைப் பக்கத்துச் செம்மண்ணில் வருஷக்கணக்காக ரொட்டவேட்டரே ஓடினால் கீழ்மண் இப்படித்தான் இறுகும்.

உளிக்கலப்பைக்கு மண்ணின் ஈரப்பதம்தான் எல்லாம். அடிமண் காய்ந்திருக்கும் கோடையில் ஓட்டினால்தான் கடினத்தட்டு, அதாவது இறுகிப்போன கீழ்மண், வெடித்து நொறுங்கும். ஈரத்தில் ஓட்டினால் உளி போன வழியில் ஒரு கீறல் விழும், அதன் பக்கமெல்லாம் மெழுகிவிடும், டீசல் தண்டம். அரை மீட்டருக்கு ஒரு சால், ஆழம் 40 செ.மீ., பிறகு குறுக்கே மறுபடியும். வண்டி திணறினால் டிரைவர் ஆழத்தைக் குறைத்துவிடுவார். சாலில் கம்பியை இறக்கி அளந்தபடியே கூட நடக்க வேண்டும். மூன்று வருஷத்துக்கு ஒருமுறை ஓட்டினால் போதும். கையோடு ரொட்டவேட்டரை இறக்காதீர்கள். ஒன்பது கொத்துக் கலப்பையில் ஒரு ஓட்டு, அதிலேயே விதை ஊன்றும் பார் (மண்வரப்பு) பிடித்துவிடலாம்.

உரம் ஏக்கருக்குத் தழை, மணி, சாம்பல் சத்து 100:30:30 கிலோ. அடியுரம் டிஏபி (தழையும் மணியும் சேர்ந்த உரம்) 65 கிலோ, பொட்டாஷ் 50, யூரியா 29. விதைத்த 25ஆம் நாள் முதல் மேலுரமாக யூரியா 109 கிலோ: செடிக்கு நாலு விரல் தள்ளிக் கீறிப் போட்டு, மண் அணைத்து, உடனே தண்ணீர். மேலாகத் தூவினால் அம்மோனியாவாகக் காற்றில் போகும். குருத்தில் விழுந்தால் இலை கருகும்.

ஜிங்க் சல்பேட்டை டிஏபியோடு சேர்க்கவே கூடாது, பாஸ்பேட்டோடு சேர்ந்து கரையாமல் போய்விடும். மணலில் கலந்து தனியாக இடுங்கள். வாங்கும்போது பையில் ஜிங்க் (துத்தநாகம்) சதவீதம் பாருங்கள்: 21 என்றால் ஏக்கருக்கு 15 கிலோ, 33 என்றால் ஒன்பதரை போதும். மெக்னீசியம் சல்பேட்டும் பார்வைக்கு அதே மாதிரிதான் இருக்கும். பில் இல்லாமல் வாங்காதீர்கள்.

45ஆம் நாள் யூரியா 54 கிலோ பாக்கி இருக்கிறது. வாய்க்கால் தண்ணீர் முறை எப்போது வருகிறதோ அதை ஒட்டித்தான் போட முடியும். கதிரில் பட்டு நூல் வரும் சமயம் தழைச்சத்தோ தண்ணீரோ குறைந்தால் கதிர் நுனியில் மணி பிடிக்காது.

அடுத்த பட்டத்தில், உளி ஓட்டிய பாதியை உழாமல், அறுத்த மக்காச்சோளத் தட்டை நிலத்திலேயே பரப்பிப் பழைய பாரில் ஊன்றிப் பார்க்கப் போகிறேன். தட்டு மட்கும்போது நுண்ணுயிர்கள் தழைச்சத்தைப் பிடித்துக்கொள்ளும் என்பதால், அங்கே அடியுர யூரியாவைக் கொஞ்சம் கூட்டித்தான் போட வேண்டியிருக்கும்.