பெரியப்பா ஏன் சாப்பிட மாட்டேன்னாரு

ரெண்டு மாசமா எழுதணும்னு நெனைச்சு நெனைச்சு விட்டுட்டேன். குடும்ப விஷயம், வெளிய சொல்லலாமான்னு ஒரு தயக்கம். போன வாரம் கூட வேலை பாக்குற ஒரு அக்கா அவங்க மாமியாரைப் பத்தி கிட்டத்தட்ட இதையே சொன்னாங்க, அன்னைக்கு ராத்திரியே உக்காந்துட்டேன்.

என் பெரியப்பாவுக்கு 81 வயசு. கல்யாணம் பண்ணிக்கல. இங்க சிங்கப்பூர்ல, செம்பவாங்ல இருந்த பிரிட்டிஷ் நேவல் பேஸ்ல பையனா வேலைக்குச் சேந்தவரு, பிரிட்டிஷ்காரன் போனப்புறமும் அதே கப்பல் பட்டறையிலதான் ரிட்டயர் ஆனாரு. மூணு வருஷம் முன்னாடி ஸ்ட்ரோக் வந்து வலது பக்கம் இழுத்துடுச்சு, வீட்ல வெச்சுப் பாக்க எங்களால முடியல, நர்சிங் ஹோம்ல சேத்தோம். எந்த ஹோம்னு சொல்ல மாட்டேன், அவங்க மேல குத்தம் சொல்ல இதை எழுதல.

அவர் வார்டுல எட்டு கட்டில், மத்த ஏழு பேரும் சீனத் தாத்தாங்க. டிவியில எந்நேரமும் சேனல் 8, சீன சேனல். பாத்துக்கிற பிள்ளைங்க மியன்மார், பிலிப்பீன்ஸ், தங்கமான பிள்ளைங்க, ஆனா அவங்க பேசுறது இவருக்குப் புரியாது இவரு பேசுறது அவங்களுக்குப் புரியாது. அந்த மாடியிலயே அவரோட நாலு வார்த்தை பேச முடிஞ்ச ஒரே ஆள் அங்க வேலை பாக்குற ஒரு மலாய் அம்மா. மாக்சிக்னுதான் கூப்பிடுவாரு, மலாய்ல ஆண்ட்டி மாதிரி. பழைய ஆளுங்கல்ல, பெரியப்பாவுக்கு மலாய் தண்ணி பட்ட பாடு, ரெண்டு பேரும் செம்பவாங் கதை பேசிக்கிட்டே இருப்பாங்க.

மாசா மாசம் அங்க எடை பாப்பாங்க. மூணு மாசத்துல 54 கிலோவிலேருந்து 49க்கு இறங்கிடுச்சு. முழுங்குறதுல பிரச்சினையோன்னு தெரபிஸ்ட் வந்து பாத்தாங்க, சாப்பாட்டை இன்னும் மசிச்சுக் கொடுத்தாங்க, ஒண்ணும் மாறல. நான் ஒரு புதன்கிழமை லீவு போட்டுட்டு மத்தியானச் சாப்பாட்டு நேரத்துக்குப் போய் நின்னேன்.

ஸ்ட்ரோக்ல முழுங்குறது சரியா வராதவங்களுக்குத் தண்ணி, கோப்பி எதையும் அப்படியே கொடுக்க மாட்டாங்க, புரை ஏறி நுரையீரலுக்குள்ள போயிடும். திக்கனர்னு ஒரு வெள்ளைப் பவுடர், அதைப் போட்டுக் கெட்டியாக் கலக்கித்தான் கொடுப்பாங்க. மாக்சிக் கோப்பியில அந்தப் பவுடரைப் போட்டுக் கலக்குறாங்க, பெரியப்பா அந்த ஸ்பூனையே உத்துப் பாக்குறாரு, அவங்க பக்கத்துல கொண்டு வந்ததும் வாயை இறுக்க மூடிக்கிட்டு சுவத்துப் பக்கம் திரும்பிட்டாரு. கையும் சரியா வராத மனுஷன், முகத்தை மட்டும்தான் திருப்ப முடியுது.

ஏன் பெரியப்பான்னேன். "அவ என்னத்தக் கலக்குறான்னு உனக்குத் தெரியுமா"ன்னாரு.

எனக்கு வயித்தைப் பிசைஞ்சுடுச்சு. அந்த வீடியோ எனக்கும் வந்திருக்கு. முஸ்லிம்கள் சாப்பாட்டுல எச்சி துப்புறாங்க, மருந்து கலக்குறாங்கன்னு ஊர்லேருந்து வருமே, அந்தப் புளுகு. நாம டெலீட் பண்ணிட்டுப் போயிடுறோம். அவரு படுத்துக்கிட்டே நாள் முழுக்க அதைப் பாத்திருக்காரு, கண்ணு முன்னாடி தினம் மூணு வேளை ஒருத்தங்க வெள்ளைப் பவுடர் கலக்கவும் செய்றாங்க.

அன்னைக்கு அவர் போனை வாங்கிப் பாத்தேன். தீபாவளிக்கு என் அண்ணன் ஆசையா வாங்கிக் கொடுத்த போன். யூடியூப்ல கீழ போகப் போக மொதல்ல தேவாரம், பழைய பாட்டு, அப்புறம் ஒரு கோயில் சொற்பொழிவு, அப்புறம் நம்மளை அழிக்கப் பாக்குறாங்கன்னு கத்துற ஆளுங்க, அது தானா ஒண்ணு முடிஞ்சு ஒண்ணு ஓடியிருக்கு. வாட்சாப்ல அஞ்சு குரூப், எல்லாம் தெரியாத இந்தியா நம்பர். திருப்பணிக்கு 500 வெள்ளி அனுப்பணும்னு அண்ணன்கிட்ட அவர் கேட்டது ஞாபகம் வந்துச்சு, அதுவும் அந்த குரூப்ல ஒருத்தன் கேட்டதுதான். நல்லவேளை அண்ணன் அனுப்பல.

எனக்கு ஆறவே இல்ல, ஏன்னா நேவல் பேஸ் குவாட்டர்ஸ்ல 1964 ஜூலை 21 மலாய்-சீனக் கலவரத்துக்கு அப்புறம் ஊரடங்கு போட்டப்போ பக்கத்து வீட்டு மலாய்க்காரர் எங்க ஆயாவுக்கு அரிசி கொண்டாந்து கொடுத்த கதையை எங்களுக்குச் சொல்லி வளத்தவரே இவருதான். அந்த வருஷம் ஜூலை, செப்டம்பர் ரெண்டு கலவரத்துலயும் 36 பேர் செத்தாங்க. அதைக் கண்ணால பாத்த தலைமுறை இது.

தீவிரவாதம்னா சின்னப் பசங்க பிரச்சினைன்னு நாம நெனைக்கிறோம். அதுவும் உண்மைதான், 2020 டிசம்பர்ல இங்க ஒரு 16 வயசுப் பையனைப் பிடிச்சாங்களே, இந்தியப் பையன், நியூசிலாந்து கிறைஸ்ட்சர்ச் பள்ளிவாசல் தாக்குதல் வீடியோவைப் பாத்துட்டு ரெண்டு பள்ளிவாசலைத் தாக்கத் திட்டம் போட்டவன். ஆனா 2025 பிப்ரவரியில உள்துறை அமைச்சு தீவிரவாதத்துல விழுந்தவங்களைப் பத்தி வெளியிட்ட செய்தியில ஒருத்தங்க 56 வயசு இல்லத்தரசி. எங்க பெரியப்பா யாரையும் அடிக்கப் போறதில்ல, எழுந்து நிக்கவே முடியாது. ஆனா வெறுப்பு உள்ள போற வழி ஒண்ணுதான்னு எனக்குத் தோணுது, பேச ஆளில்லாத இடத்துல பேச வர்றவன் எவனோ அவன் சொல்றதே உண்மையாயிடுது.

என் சித்தி பொண்ணு இங்கிலாந்துல, லெஸ்டர்ல ஒரு கேர் ஹோம்ல வேலை பாக்குறா. அவகிட்ட அழுதேன். அங்க 2015ல போட்ட சட்டத்துல பிரிவென்ட்னு ஒரு கடமையே இருக்காம், கவுன்சில், ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் எல்லாம் ஆளுங்க தீவிரவாதத்துல விழாமப் பாத்துக்கணும்னு. கவனி, விசாரி, சொல்லுன்னுதான் அவளுக்குப் பயிற்சியில சொல்லிக் கொடுத்திருக்காங்க. திடீர்னு ஒரு ஆள் மேல மட்டும் வெறுப்பு, புது ஆளுங்க போன்ல வர்றது, பணம் அனுப்பத் துடிக்கிறது, முன்ன பேசினவங்களோட பேச்சை நிறுத்துறது, இதெல்லாம் கவனிக்கணும். ஒருத்தர் புதுசாத் தொழ ஆரம்பிச்சாலோ தாடி வெச்சாலோ அரசியல் பேசினாலோ அது அறிகுறியே இல்லன்னு அவ ரொம்ப அழுத்திச் சொன்னா, அந்தத் திட்டத்தால தங்களையே சந்தேகப்படுறாங்கன்னு அங்க முஸ்லிம் மக்களுக்கு எவ்வளவு மனக்கஷ்டம்னும் சொன்னா. 2022ல அவ ஊர்லயே கிரிக்கெட் மேட்ச்சுக்கு அப்புறம் இந்துப் பசங்களும் முஸ்லிம் பசங்களும் தெருவுல மோதிக்கிட்டப்போ எத்தனை பொய் வதந்தி போன்ல பறந்துச்சுன்னு பாத்தவ அவ.

அண்ணன் போனைப் பிடுங்கிடலாம்னாரு. ஹோம்ல இருக்கிற சோசியல் வொர்க்கர் வேணாம்னாங்க. சின்னப் பொண்ணுதான், ஆனா அவங்க கேட்ட கேள்வி இன்னும் மறக்கல, "அவர் காதுல தமிழ் விழுறது அந்த போன்ல மட்டும்தானே, அதையும் எடுத்துட்டா?" யாரையாவது தாக்கணும்னு பேசினாலோ எவனாவது அவரை ஆள் சேக்கப் பாத்தாலோ ஐஎஸ்டி, அதான் உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை, அதோட ஹாட்லைன் 1800-2626-473க்குக் கூப்பிடணும், இது அந்த நிலை இல்ல, இது நாம பக்கத்துல உக்கார வேண்டிய நிலைன்னாங்க. ஜெமா இஸ்லாமியாங்கிற தீவிரவாதக் கும்பல் ஆளுங்களைப் பிடிச்சதுக்கப்புறம் 2003ல ஆரம்பிச்ச சமய மறுவாழ்வுக் குழுவுல கூட உஸ்தாதுங்க, அதாவது இஸ்லாமிய சமய ஆசிரியருங்க, தொண்டூழியமா வந்து வருஷக்கணக்கா உக்காந்து பேசித்தானே மாத்துறாங்க.

அப்புறம் அவர்கிட்டயே கேட்டுட்டு அந்த குரூப்லேருந்து வெளிய வந்தோம். வாட்சாப் செட்டிங்ஸ்ல தெரிஞ்சவங்க மட்டும்தான் குரூப்ல சேக்க முடியும்னு மாத்தினோம், யூடியூப்ல ஹிஸ்டரியை அழிச்சு, தானா ஓடுறதை நிறுத்தி, தலைமாட்டுல ஒரு ரேடியோவுல தமிழ் வானொலி ஒலி 96.8 போட்டு வெச்சோம். நானும் அண்ணனும் வாரத்துல மூணு நாள் முறை வெச்சுப் போறோம். இதை மொதல்லயே செஞ்சிருக்கணும், நாங்க வாரம் ஒரு தடவை பத்து நிமிஷம் எட்டிப் பாத்துட்டு வந்தவங்கதான்.

வீடியோ பொய்னு நான் வாதாடினப்போ எல்லாம் அவருக்குக் கோபம்தான் வந்துச்சு. மாக்சிக்தான் வேற மாதிரி செஞ்சாங்க. அவங்ககிட்ட விஷயத்தைச் சொல்லவே எனக்கு நாக்கு எழும்பல, கேட்டுட்டுக் கொஞ்ச நேரம் பேசாம இருந்தாங்க, கண்ணு கலங்கிடுச்சு. மறுநாள் புது திக்கனர் டின்னை அவர் முன்னாடியே சீல் உடைச்சு, ரெண்டு கோப்பை கோப்பியிலயும் போட்டுக் கலக்கி, ஒண்ணை அவங்களே குடிச்சாங்க. அன்னைக்கு அவர் குடிக்கல. மறுநாளும் ரெண்டு கோப்பை. கிட்டத்தட்ட மூணு வாரம் அப்படியே போச்சு, வழவழன்னு இருக்கிற அந்தக் கோப்பியை நான் ஒரு வாய் குடிச்சுப் பாத்தேன், முழுங்க முடியல.

போன ஞாயித்துக்கிழமை நான் உள்ள நுழையும்போது பெரியப்பா சத்தம் வராண்டா வரைக்கும் கேட்டுச்சு. "தாக் பானாஸ் லா, மாக்சிக்!" கோப்பி சூடா இல்லயாம். எடை இப்போ 51.