ஏபிஎஸ் விளக்கு எரிந்தால் முதலில் சக்கரத்துப் பக்கம் பாருங்கள்

காரின் மீட்டரில் மஞ்சளாக ஏபிஎஸ் (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும் பிரேக் ஏற்பாடு) விளக்கு எரிந்தால் நம்ம பக்கம் இரண்டு யோசனைதான் கிடைக்கும். "பிரேக்கு பிடிக்குல்லா, அப்புறம் என்ன, ஓட்டுங்க" என்பது ஒன்று. "மாடியூல் போயிட்டு, மாத்தணும்" என்பது இன்னொன்று. மாடியூல் என்றால் ஏபிஎஸ்ஸை இயக்கும் கம்ப்யூட்டர் பெட்டி. எங்கள் காருக்கு இரண்டையும் சொன்னார்கள், இரண்டுமே தவறு. மாடியூல் விலையைக் கேட்டுப் பயந்து விளக்கோடு அப்படியே ஓட்டுகிறவர்கள் அம்பாசமுத்திரம் பக்கம் எனக்குத் தெரிந்தே பல பேர் இருப்பதால் விவரமாக எழுதுகிறேன்.

மஞ்சள் விளக்கு மட்டும் எரிந்தால் சாதாரண பிரேக் வேலை செய்யும், ஏபிஎஸ் மட்டும் தன்னை நிறுத்தி வைத்திருக்கும். கூடவே சிவப்பு பிரேக் விளக்கும் எரிந்தால் கதை வேறு. பிரேக் ஆயில் குறைந்திருக்கலாம், அல்லது பின்சக்கரங்களுக்கு எவ்வளவு பிரேக் போக வேண்டும் என்று பார்த்துக்கொள்ளும் ஏற்பாடும் சேர்ந்து போயிருக்கலாம். வண்டியை ஓரமாக நிறுத்தி ஆயில் அளவைப் பாருங்கள், அந்த நிலையில் மேற்கொண்டு ஓட்ட வேண்டாம்.

பிரேக் பிடிக்கிறதே என்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஏபிஎஸ் இருப்பதே அவசரத்தில் மிதிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல், ஸ்டியரிங் நம் கையில் இருப்பதற்காகத்தான். அறுவடை நேரத்தில் சேரன்மகாதேவி, முக்கூடல் பக்கம் ரோட்டிலேயே நெல்லைக் காயப்போட்டிருப்பார்கள், வைக்கோல் பரந்து கிடக்கும், அதற்கு நடுவே ஒரு ஆட்டுக்கூட்டம் குறுக்கே வந்தால் சக்கரம் பூட்டிய வண்டி ஸ்டியரிங்கை எந்தப் பக்கம் திருப்பினாலும் நேராகத்தான் வழுக்கிப் போகும். 2019 ஏப்ரலில் இருந்து புதுக் கார்களுக்கு ஏபிஎஸ்ஸைக் கட்டாயமாக்கினார்களே, சும்மாவா செய்தார்கள்?

எங்கள் வண்டியில் விளக்கு வந்தது ஐப்பசி மழைக்குப் பிறகு, களக்காட்டுப் பக்கம் வாழைத்தோட்டத்துச் சேற்றில் போய்வந்த நேரம். சாவி போட்டதும் எரியும், சில நொடியில் அணையும், வண்டி நகர்ந்து கொஞ்சம் வேகம் எடுத்ததும் மறுபடி எரியும். இதைக் கவனித்து வைத்துக்கொள்ளுங்கள். சாவி போட்டதில் இருந்தே அணையாமல் எரிந்தால் பியூஸ், பேட்டரி, அறுந்த வயர் என்று தேடலாம். நகர்ந்த பிறகு எரிந்தால் ஏதோ ஒரு சக்கரத்தில் இருந்து வேகக் கணக்கு ஒழுங்காக வரவில்லை என்று பெரும்பாலும் அர்த்தம்.

எந்தச் சக்கரம் என்று, வண்டியில் மாட்டிக் கோளாறைப் படிக்கும் ஸ்கேனர் சொல்லும். ஆனால் ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் புளூடூத் ஸ்கேனர்கள் அநேகமாக எஞ்சின் கோளாறை மட்டுமே படிக்கும், அதில் ஒன்றும் வரவில்லை என்பதால் வண்டி சரி என்று நினைத்துவிடக் கூடாது. ஏபிஎஸ்ஸுக்குள் போகும் ஸ்கேனர் வேண்டும். எங்களுக்கு வந்த கோளாறு எண் (கோடு) சி0035, அதாவது முன்பக்க இடதுசக்கரத்தின் வேகத்தைப் படிக்கும் சென்சாரின் சர்க்யூட். சர்க்யூட் என்றால் சென்சாரோடு வயர், வயரை இணைக்கும் கப்ளர் எல்லாம் சேர்த்துத்தான். கோடு வந்ததுமே சென்சாரை மாற்றுவது காசுக்குக் கேடு.

மேலப்பாளையத்தில் ஒரு சின்னக் கடை வைத்திருக்கும் எலக்ட்ரீஷியன் அண்ணாச்சி ஸ்கேனரை மாட்டி என்னை மெதுவாக ஓட்டச் சொன்னார். நாலு சக்கரத்து வேகமும் திரையில் ஓடியது. மூன்று இருபதில் நிற்க, இடது முன்சக்கரம் மட்டும் குழியில் இறங்கும்போதெல்லாம் பூஜ்யத்துக்கு விழுந்து திரும்ப ஏறியது. "சென்சார் செத்திருந்தா இப்படி வந்து வந்து போவாது தம்பி, வயரப் பாப்போம்" என்றார். ஜாக்கி போட்டு, ஸ்டியரிங்கை முழுக்க வலப்பக்கம் ஒடித்து, டார்ச் அடித்துப் பார்த்தால் வயரைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் கிளிப் உடைந்து, வயர் சஸ்பென்ஷனில் உரசி உரசித் தோல் போயிருந்தது. உள்ளே செம்பு பச்சையாகப் பூத்து, நாலைந்து இழைதான் மிச்சம். வெட்டி, நல்ல வயர் சேர்த்து சால்டர் வைத்து, ஹீட் ஷ்ரிங்க் டியூப் போட்டு, புதுக் கிளிப் மாட்டினார். கொஞ்ச தூரம் ஓடியதும் விளக்கு அணைந்தது. மாடியூலைத் தொடவே இல்லை.

வயர் நன்றாக இருந்தால் சென்சாரின் முனையைக் கழற்றிப் பாருங்கள், இரும்புத்தூள் அப்பியிருக்கும். சென்சார் படிக்கும் பல்வளையம் துருவேறியோ விரிசல் விட்டோ இருந்தால் நிற்கப்போகும் நேரத்தில் காரணமே இல்லாமல் பெடல் காலில் அதிரும். வீல் பேரிங் மாற்றிய கையோடு விளக்கு வந்தால் பேரிங்கைத்தான் சந்தேகப்பட வேண்டும். புது வண்டிகள் பலவற்றில் அந்த வளையம் பேரிங்கின் ஒரு பக்கத்தில் காந்தமாகவே இருக்கிறது, திருப்பிப் போட்டாலோ சுத்தியலால் அடித்து ஏற்றினாலோ சிக்னல் வராது. இன்னொன்று, இப்போதைய சென்சார்கள் பெரும்பாலும் கரண்ட் வாங்கி வேலை செய்யும் வகை. அவற்றில் மல்ட்டிமீட்டரை வைத்து ஓம்ஸ் (மின்தடை) பார்ப்பதால் ஒன்றும் தெரியாது, சென்சாரே கெட்டுப்போகவும் கூடும். எலி கடித்த வயரும் உண்டு, தோப்புக்குள் நிறுத்துகிறவர்கள் பானெட்டைத் திறந்து ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

2023 டிசம்பர் வெள்ளத்தில் தாமிரபரணித் தண்ணீருக்குள் நின்ற கார்கள் எத்தனையோ. சேறு உள்ளே புகுந்த கப்ளர் உடனே தகராறு செய்யாது, உள்ளே மெதுவாகப் பூத்து மாதங்கள் கழித்துத்தான் காட்டும். அதனால் இங்கே பழைய கார் வாங்குகிறவர்கள் சாவியைப் போட்டதும் ஏபிஎஸ் விளக்கு எரிந்து அணைகிறதா என்று பாருங்கள். எரியவே இல்லையென்றால் விளக்கையே யாரோ பிடுங்கியிருக்கலாம், ஸ்கேனர் போட்டுப் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.