மீன் இல்லாத 76 நாள்

அந்த மீன் இன்றைக்கும் கண்ணிலேயே நிற்கிறது. பவுடர் ப்ளூ டாங். உடம்பு வெளிர்நீலம், முகம் கறுப்பு, முதுகுத் துடுப்பு மஞ்சள். மாலத்தீவு, இலங்கைப் பக்கத்துப் பாறைக் கடல்களில் திரியும் மீன். 2014 ஜூலையில் ஒரு சனிக்கிழமை ராத்திரி கடைக்கு வந்த பெட்டியில் ஒன்றே ஒன்று இருந்தது. தொட்டியில் விட்டுக் கடற்பாசித் துண்டு வைத்த பத்தாவது நிமிடம் கடித்து இழுத்தது. வந்த அன்றே சாப்பிடும் மீன் என்றால் கடைக்காரர்களுக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

உப்புத் தண்ணீர்த் தொட்டிகளைப் பராமரிக்கும் வேலைக்கு நான் வந்து அப்போது ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. சென்னையில் வீடு, ஹோட்டல், கிளினிக் என்று பதினான்கு தொட்டிகள் என் பொறுப்பு. அதில் எனக்கு மிகவும் பிடித்தது ஒரு குழந்தைகள் டாக்டரின் கிளினிக்கில் இருந்த 450 லிட்டர் தொட்டி. நம் நாட்டில் பவளம் சட்டத்தால் பாதுகாக்கப்பட்டது என்பதால் உள்ளே செயற்கைக் கற்கள்தான். இரண்டு கோமாளி மீன், இரண்டு ஹெனியோகஸ், மூன்று பச்சை க்ரோமிஸ், ஒரு கோரல் பியூட்டி, மணலில் குழி தோண்டும் கோபி ஒன்று. மொத்தம் ஒன்பது. கூடவே இரண்டு இறாலும் சில நத்தைகளும். இரண்டு வருடமாக ஒரு மீன்கூடச் சாகவில்லை. ஊசி போட்டுக்கொண்டு அழுதபடி வெளியே வரும் குழந்தைகள் அந்தக் கண்ணாடி முன்னால் வந்ததும் அழுகையை நிறுத்துவதை நானே பார்த்திருக்கிறேன்.

டாக்டர் வெகுநாளாக ஒரு நீல மீன் கேட்டுக்கொண்டிருந்தார். திங்கட்கிழமை காலையில் பவுடர் ப்ளூவைக் கொண்டுபோய் விட்டுவிட்டேன். கடை அண்ணன், "ரெண்டு வாரமாவது இங்க இருக்கட்டும் தம்பி" என்று சொல்லியிருந்தார். நல்லாத்தான் இருக்கிறது, நன்றாகச் சாப்பிடுகிறது, எதற்கு வைத்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

எட்டாவது நாள் போனபோது அதன் துடுப்பில் தூள் உப்பைத் தூவியது போல ஏழெட்டு வெள்ளைப் புள்ளிகள். நான்கு நாள் கழித்துப் போனால் ஒன்றையும் காணோம். தானாகச் சரியாகிவிட்டது என்று நிம்மதியாக அண்ணனிடம் வந்து சொன்னேன். அவர் முகம் மாறியது. "போகல தம்பி. கீழ இறங்கியிருக்கு" என்றார்.

அவர் சொன்னதன் அர்த்தம் எனக்குப் பிறகுதான் முழுதாகப் புரிந்தது. கடல் மீனுக்கு வரும் வெள்ளைப்புள்ளிக்குக் காரணம் க்ரிப்டோகாரியான் என்ற ஒற்றைச் செல் ஒட்டுண்ணி. (இறால் பண்ணைக்காரர்கள் சொல்லும் வெண்புள்ளி வேறு, அது வைரஸ்.) மீனின் மேல்தோலுக்கு அடியில் புகுந்து மூன்றிலிருந்து ஏழு நாள் வரை அங்கேயே தின்று வளரும். நாம் பார்க்கும் புள்ளி அதுதான். வளர்ந்ததும் மீனை விட்டு விழுந்து, மணலிலோ கல்லிலோ ஒட்டி, தன்னைச் சுற்றிக் கூடு கட்டிக்கொள்ளும். கூட்டுக்குள் ஒன்று நூற்றுக்கணக்காகப் பிரியும். பிறகு கூடு உடைந்து அத்தனையும் நீந்தி வெளியே வந்து மீனைத் தேடும். ஒன்றிரண்டு நாளுக்குள் மீன் கிடைக்காவிட்டால் செத்துவிடும். கடலில் பெரும்பாலானவற்றுக்கு மீன் கிடைப்பதில்லை. அதனால்தான் கடலில் ஒரு மீனின் மேல் ஒன்றிரண்டு புள்ளி இருந்தாலும் அது பாட்டுக்கு வாழ்கிறது. 450 லிட்டர் கண்ணாடிப் பெட்டிக்குள் மீன்கள் எங்கே ஓடும்?

மூன்றாவது வாரம் எல்லா மீனின் மேலும் புள்ளி. கண்ணுக்குத் தெரிந்ததைவிடச் செவுளுக்குள் அதிகம் இருந்திருக்க வேண்டும். தண்ணீரின் மேல்மட்டத்துக்கு வந்து மூச்சு வாங்கின. பவுடர் ப்ளூவும் மூன்று க்ரோமிஸும் இரண்டு நாளில் போய்விட்டன.

இதற்குச் சரியான மருந்து செம்புக் கரைசல். ஆனால் இறாலும் நத்தையும் இருக்கும் தொட்டியில் செம்பை ஊற்ற முடியாது, அவற்றுக்கு அது விஷம். ஆகவே மிச்சம் இருந்த ஆறு மீன்களையும் கடைக்குக் கொண்டுவந்து அவசரமாக ஒரு எண்பது லிட்டர் தொட்டியில் போட்டேன். மீன் பயப்படாமல் இருக்கட்டும் என்று அடியில் மணல் பரப்பினேன். தப்பு. சுண்ணாம்புச் சத்துள்ள அந்த மணல் செம்பை உறிஞ்சிக்கொண்டது. காலையில் அளந்தால் ஒரு அளவு, மாலையில் வேறு அளவு. ஃபில்டரும் அன்றைக்குத்தான் புதிதாகப் போட்டது. மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவைத் தின்னும் பாக்டீரியா அதில் ஒன்றுகூட இல்லை. மூன்றாவது நாள் ஹெனியோகஸ் இரண்டும் செத்தன, அடுத்த நாள் கோரல் பியூட்டி. அன்றைக்குத்தான் அம்மோனியாவை அளந்துபார்க்க வேண்டும் என்றே எனக்குத் தோன்றியது. சோதனைக் குழாய் கரும்பச்சையாக மாறி நின்றது.

அந்த மூன்றையும் கொன்றது வெள்ளைப்புள்ளி இல்லை, நான் வைத்த தொட்டி. இதை அண்ணனிடம் சொல்ல எனக்கு ஒரு வாரம் ஆனது. தனித்தொட்டி வைத்தால் போதும், மீன் பிழைத்துவிடும் என்று பேசுகிறவர்களைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்கு அந்தக் கரும்பச்சைக் குழாய்தான் நினைவுக்கு வரும். தயார் இல்லாத தனித்தொட்டியில் போடுவதைவிட அந்த மீனை வாங்காமலே இருப்பது மேல்.

டாக்டர் கோபப்படவில்லை. ஒன்றே ஒன்று கேட்டார். "ரெண்டு வருஷமா ஒண்ணும் ஆகலையே தம்பி. புதுசா வந்ததை எத்தனை நாள் தனியா வச்சிருந்தீங்க?" நாள் முழுக்க அம்மை, தட்டம்மை பார்க்கிறவரிடம் நான் என்ன பதில் சொல்ல முடியும்? ஒன்றரை நாள் என்றேன்.

அதற்குப் பிறகு கிளினிக் தொட்டி 76 நாள் மீன் இல்லாமல் இருந்தது. மீன் இல்லாவிட்டால் ஒட்டுண்ணிக்கு வழி இல்லை, தானாக அற்றுப்போகும். ஆனால் எல்லாக் கூடும் ஒரே நேரத்தில் உடைவதில்லை. சில ஒரு வாரத்தில் உடையும், சில ஒரு மாதம் ஆகும். 72 நாள் கழித்து வெளிவந்ததாகவும் பதிவு உண்டு. அதோடு நான்கு நாள் சேர்த்து 76. வரவேற்பில் இருந்த நர்ஸ் அக்கா, தினசரி காலண்டர் தாளைக் கிழிக்கும்போதெல்லாம் அடுத்த தாளின் மூலையில் ஒரு எண்ணை எழுதி வைப்பார். 1, 2, 3 என்று. நான் வாராவாரம் போய்த் தண்ணீர் மாற்றினேன், இறாலுக்கு ஒரு சிட்டிகை தீனி போட்டேன். "மீன் எங்க?" என்று ஒவ்வொரு குழந்தையும் கேட்டது. அக்கா, "ஊருக்குப் போயிருக்கு, வந்துரும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். கொஞ்ச நாளில் குழந்தைகள் இறாலின் மீசையை எண்ண ஆரம்பித்துவிட்டார்கள்.

அந்த இடைவெளியில்தான் தனித்தொட்டியை ஒழுங்காகக் கட்டக் கற்றுக்கொண்டேன். மணல், கல் எதுவும் கிடையாது. ஒளிந்துகொள்ள பிவிசி குழாய்த் துண்டுகள், அவ்வளவுதான். வெறும் தொட்டி பார்க்க அழகாக இருக்காது. ஆனால் செம்பின் அளவு நிலையாக இருக்கும், என்ன விழுந்திருக்கிறது என்பதும் தெரியும். ஸ்பாஞ்ச் ஃபில்டரை முன்கூட்டியே ஒரு நல்ல தொட்டியின் அடித்தொட்டியில் ஆறு வாரம் ஊறப்போட்டு, பாக்டீரியா குடியேறிய பிறகே எடுப்போம். அதன் பின் அம்மோனியா ஏறினால் தண்ணீர் மாற்றுவது ஒன்றே வழி. அம்மோனியாவை அடக்கும் திரவங்கள் சிலவற்றைச் செம்போடு சேர்த்தால் செம்பின் நச்சு ஏறிவிடும். நாங்கள் பயன்படுத்தும் கீலேட் செய்த (வேறொரு பொருளோடு பிணைத்த) செம்பு லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்குக் குறைந்தால் வேலை செய்யாது, 2.5-க்கு மேல் போகவும் விடுவதில்லை. அந்த அளவுக்கு ஒரே நாளில் ஏற்றாமல் சில நாளில் படிப்படியாக ஏற்றி, அதிலிருந்து 30 நாள். தோலுக்குள் இருக்கும் ஒட்டுண்ணியையும் கூட்டையும் செம்பு தொடாது, நீந்தி வருவதை மட்டும்தான் கொல்லும். அத்தனை நாள் காத்திருப்பது அதற்குத்தான். நடுவில் ஒரு நாள் அளவு இறங்கினாலும் முதல் நாளிலிருந்து எண்ண வேண்டும்.

மீனைப் பையிலிருந்து இறக்கும் விதத்தையும் மாற்றினேன். முன்பெல்லாம் பையைத் திறந்து ஒரு மணி நேரம் சொட்டுச் சொட்டாகப் புதுத் தண்ணீர் விடுவோம். ஒரு நாளுக்கு மேல் மூடிய பையில் பயணித்த மீனுக்கு அது ஆபத்து. மீன் விடும் கரியமில வாயுவால் பைத் தண்ணீர் புளிப்பேறி இருக்கும், அதனால் அம்மோனியா அவ்வளவாகக் கடிக்காது. பையைத் திறந்ததும் வாயு வெளியேறி, அதே அம்மோனியா நிமிடங்களில் விஷமாகிவிடும். இப்போது பைத் தண்ணீரின் உப்பைச் சட்டென்று அளந்து, தனித்தொட்டியின் உப்பை அதற்கு இணையாக வைத்து, வெப்பம் ஒத்துப்போனதும் மீனை மட்டும் எடுத்து விட்டுவிடுகிறோம். பிறகு நாள்கணக்கில் உப்பை 1.025-க்கு (நல்ல தண்ணீரை 1 என்று வைத்துச் சொல்லும் அடர்த்திக் கணக்கு) ஏற்றிக்கொள்ளலாம். தனித்தொட்டியின் வலை, வாளி, குழாய் எல்லாவற்றிலும் சிவப்பு டேப். அவை அந்த மூலையை விட்டு நகரக் கூடாது. ஈரக் கையோடு அடுத்த தொட்டிக்குப் போகவும் கூடாது.

எங்கள் ஊரில் பாட்டி சந்தையில் கோழி வாங்கி வந்தால் மற்ற கோழிகளோடு விடவே மாட்டாள். மாட்டுத் தொழுவத்தின் மறுபக்கம் பஞ்சாரத்தைக் கவிழ்த்து அதற்குள் பத்து நாள் வைத்திருப்பாள். ஒருமுறை அவசரப்பட்டு விட்டதில் வெள்ளைக்கழிச்சல் வந்து பட்டியே காலியான கதையை ஒவ்வொரு தடவையும் சொல்லுவாள். அவளுக்குச் செம்பும் தெரியாது, ஒட்டுண்ணியும் தெரியாது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் நீலாங்கரையைக் கடக்கும்போதும் அவள் நினைவு வரும். வெளிநாட்டிலிருந்து வரும் வனாமி தாய் இறால்களைக் குஞ்சுப் பொரிப்பகங்களுக்கு அனுப்பும் முன் தனிமைப்படுத்திச் சோதிக்கும் மையம் அங்கே இருக்கிறது.

வெள்ளைப்புள்ளியாவது நமக்கு நாள் கொடுக்கும், வெல்வெட் என்ற இன்னொரு ஒட்டுண்ணி நோய் கொடுக்காது. காலையில் வெளிச்சத்தைக் கண்டு ஒதுங்கி, பம்ப் தள்ளும் நீரோட்டத்துக்கு எதிரே முகத்தை வைத்து மூச்சு வாங்கும் மீன், அடுத்த நாள் காலையில் இருக்காது. உடம்பில் படியும் மாவு போன்ற தூசியை டார்ச் அடித்துச் சாய்வாகப் பார்த்தால்தான் தெரியும். உப்பை 1.009-க்கு இறக்கிவைத்து வெள்ளைப்புள்ளியை ஒழிக்கலாம், வெல்வெட் அதற்கு அசையாது. தனித்தொட்டியில் வெல்வெட் வந்து நான்கு மீன்களை இழந்த மாதமும் உண்டு. அன்றைக்கும் அழுகை வந்தது. ஆனால் அந்த நான்கோடு அது நின்றது.

மருந்தைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறேன். இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்தது அதுவல்ல. ஒரு மீனைத் தனியாக, வேறு எந்த மீனின் தொந்தரவும் இல்லாமல், ஒன்றரை மாதம் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கக் கிடைப்பதுதான். ஒரு முறை வந்த பட்டாம்பூச்சி மீன் எட்டு நாள் எதையும் தொடவில்லை. உறைந்த மைசிஸ், ஆர்ட்டீமியா, பூண்டுச் சாறில் ஊறவைத்த தீனி, எதற்கும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வயிறு ஒட்டிப்போய்த் தலைக்குப் பின்னால் சதை உள்வாங்கிவிட்டது. காசிமேட்டில் மட்டி வாங்கி, இரண்டு நாள் ஃப்ரீசரில் வைத்து, ஓட்டோடு பாதியாகப் பிளந்து குழாய்க்குப் பக்கத்தில் வைத்தேன். தள்ளிப்போய் உட்கார்ந்து முக்கால் மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். மெல்ல வந்தது. ஒரு கண்ணால் பார்த்தது, போய்விட்டது. மறுபடி வந்து ஓட்டின் ஓரத்தை ஒரு கொத்து கொத்தியது. ஒன்பதாவது நாள் அது. பெரிய தொட்டியில் விட்டிருந்தால் அந்த மட்டியை மற்ற மீன்கள் இரண்டு நிமிடத்தில் முடித்திருக்கும், இது பட்டினியிலேயே போயிருக்கும். அன்றைக்கு மதியம் எனக்கும் பசிக்கவே இல்லை.

வாடிக்கையாளருக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பது இன்னும் கஷ்டம்தான். பணம் கொடுத்த மீனை ஒன்றரை மாதம் கடையில் விட்டுவைக்க யாருக்கு மனம் வரும்? "கோமாளி மீன் நம்ம ஊர்லயே பொரிக்கிறாங்களே, அதுக்கு எதுக்குத் தனியா?" என்பார்கள். உண்மைதான். மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் கோமாளி மீனைத் தொட்டியிலேயே முட்டையிட வைத்துக் குஞ்சு வளர்க்கிறது, அப்படி வளர்ந்த மீன் எவ்வளவோ மேல். ஆனால் வரும் வழியில் அது எந்தத் தண்ணீரில் எந்த மீனோடு நின்றது என்று யாருக்குத் தெரியும்? கோமாளியை அதிகம் தாக்கும் ப்ரூக்லினெல்லா என்ற ஒட்டுண்ணி ஒன்று உண்டு. தோலெல்லாம் வழுவழுவென்று உரிந்து இரண்டு மூன்று நாளில் கொண்டுபோய்விடும், செம்பு அதற்குப் போதாது. அதனால் அதற்கும் தனித்தொட்டிதான். ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு நான் மீன் கொடுப்பதில்லை. இதனால் சில வேலைகள் கையை விட்டுப் போயிருக்கின்றன.

டாக்டர் மறுபடி பவுடர் ப்ளூ கேட்டது 2016-ல். அந்த மீன் வேண்டாம் சார், வேறு ஏதாவது பார்க்கலாம் என்றேன். "எத்தனை நாள் வேணும்னாலும் வச்சிருங்க" என்றார். மீன் வந்த அன்று ஃபோன் செய்து சொன்னேன். நர்ஸ் அக்கா மறுபடியும் காலண்டரில் எண் போட ஆரம்பித்தார். செம்பு அளவுக்கு வந்ததிலிருந்து முப்பது நாள், பிறகு மருந்தில்லாத தண்ணீரில் இரண்டு வாரம். நடுவில் மழையில் ஒரு ராத்திரி முழுக்கக் கரண்ட் இல்லை. பேட்டரி ஏர் பம்பை வைத்துக்கொண்டு கடையிலேயே படுத்தேன்.

ஐம்பதாவது நாள் அதைக் கிளினிக்குக்குக் கொண்டுபோனேன். கோமாளிகளும் கோபியும் இன்னும் இருந்தன. விளக்கை அணைத்துவிட்டு டப்பாவைச் சாய்த்தேன். மீன் ஒரு நொடி நின்று, நேராகக் கல்லுக்குப் பின்னால் போய்விட்டது. அக்கா கண்ணாடியில் நெற்றியை ஒட்டிப் பார்த்தார்.

"காணோமே தம்பி. சாப்பிடுமா?"

"இன்னைக்கு ஒளிஞ்சிருக்கும்கா. விளக்கு போடாதீங்க. நாளைக்குக் காலைல பாசி எடுத்துட்டு நான் வர்றேன்."

மறுநாள் எட்டு மணிக்குப் போனேன். கிளினிக் இன்னும் திறக்கவில்லை, வாசல் படியில் உட்கார்ந்து காத்திருந்தேன்.